ஜாக்கி தூக்கும், தாங்காது

கோடை வந்தா எங்க பக்கம் எந்தத் திசையில காது கொடுத்தாலும் டிப்பர் சத்தம்தான். அறுவடை முடிஞ்சு காடு வெறுமையாக் கிடக்கும். குளத்துல தண்ணி வத்தியிருக்கும். வண்டல் எடுக்க அனுமதி கிடைச்சதுமே எல்லாரும் ஒரே நேரத்துல மண்ணு அடிக்கக் கிளம்பிருவாங்க. இன்னொரு பக்கம் தொழுவத்துக் குப்பை காட்டுக்குப் போகும், வீடு கட்டறவங்களுக்கு ஜல்லி, செங்கல் போகும். டிப்பர் வச்சிருக்கிறவங்களுக்கு வருசத்துல நாலு காசு பார்க்கிறது இந்த மூணு மாசந்தான். ஜாக்கி போறதும் இதே மூணு மாசத்துலதான்.

பட்டறைப் பக்கம் போனீங்கன்னா தெரியும். கழட்டின ஜாக்கி வரிசையாக் கிடக்கும். ஒண்ணுல சீல் போயிருக்கும், ஒண்ணு வளைஞ்சிருக்கும், ஒண்ணோட அடிப் பின்னே முறிஞ்சிருக்கும். அங்க டீ குடிச்சுக்கிட்டு நிக்கிற எல்லாரும் சொல்றது ஒரே பேச்சு: "இப்ப வர்ற ஜாக்கி எதுவும் நிக்கறதில்லைங்க, எல்லாம் மட்டச் சாமான்." அந்தப் பக்கம் டிரைவர் தலையைக் குனிஞ்சு நிப்பான். ஏன்னா ரிப்பேர் காசுல பாதியோ முழுசோ அவன் சம்பளத்துலதான் பிடிக்கப் போறாங்க.

இந்த ரெண்டுமே தப்புன்னு சொல்லத்தான் இதை எழுதறேன். ஜாக்கி போறது பெரும்பாலும் ஜாக்கியோட குத்தமில்ல. அந்தக் காசை டிரைவர் தலையில கட்டறதும் நியாயமில்ல.

எனக்கு நாலு ஏக்கர் நிலம், ஒரு டிராக்டர், ரெண்டு சக்கர டிப்பர் ஒண்ணு. சொந்த வேலை போக அக்கம்பக்கத்துக்கும் வாடகைக்கு ஓட்டறோம். நான் மெக்கானிக் இல்ல. பதினாலு வருசமா இந்த வண்டியோட பழகினதுல பார்த்ததைச் சொல்றேன்.

முதல்ல ஜாக்கி எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு தடவை பார்த்துக்கலாம். பள்ளிக்கூடத்துல பாஸ்கல் விதின்னு படிச்சிருப்போம். அடைச்சு வச்ச திரவத்துல ஒரு இடத்துல கொடுக்கிற அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும். அதுதான் இங்க நடக்குது. டிராக்டர் பம்பு எண்ணெயைத் தள்ளுது, அது ஓஸ் வழியா ஜாக்கிக்குப் போகுது. சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம்னு கணக்குக்கு வச்சுக்கலாம். ஜாக்கியோட பெரிய அடுக்கு 10 சென்டிமீட்டர் குறுக்களவு இருந்தா அதோட பரப்பு 78 சதுர சென்டிமீட்டருக்கு மேல. ரெண்டையும் பெருக்கினா கிட்டத்தட்ட 11¾ டன் தள்ளு சக்தி. அதே ஜாக்கியில கடைசியா வெளிய வர்ற மெல்லிசு அடுக்கு 5 சென்டிமீட்டர்னா பரப்பு 20 சதுர சென்டிமீட்டர்கூட வராது. அதோட சக்தி 3 டன்னுக்குக் கிட்டத்தான்.

ஏன் அப்படிக் குழாய்க்குள்ள குழாயா அடுக்கடுக்கா வச்சிருக்கான்? பெட்டி தரையில படுத்திருக்கும்போது பாரம் முழுக்கத் தூக்கணும், அதுக்குப் பெரிய அடுக்கு முதல்ல வரும். பெட்டி நிமிர நிமிர மண்ணு பின்பக்கம் சரிஞ்சு கொட்டிரும், பாரமும் பின் கீலுக்கு மேல போயிரும். அப்ப சின்ன அடுக்கே போதும். ஆகக்கூடி, பெட்டி உச்சிக்குப் போகும்போது மண்ணு கொட்டியிருக்கும்ங்கிற நம்பிக்கையில செஞ்ச சாமான் அது. மண்ணு கொட்டாம ஒட்டிக்கிட்டு நின்னா, மெல்லிசு அடுக்கு சுமக்கக் கூடாத பாரத்தைச் சுமந்துக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம்.

இன்னொரு விசயம். இந்தச் சக்தி எல்லாம் நேரா மேல தள்ளத்தான். பக்கவாட்டுல ஒரு ஆள் தள்ளற மாதிரி பாரம் வந்தா அதைத் தாங்க ஜாக்கியில எதுவும் இல்ல. குடை மாதிரி நினைச்சுக்குங்க. நேரா பிடிச்சா மழையைத் தாங்கும், பக்கத்துல காத்தடிச்சா கம்பி வளைஞ்சிரும்.

இப்ப ஒரு கணக்கு. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல 5 அடி இடைவெளி. ஒரு சக்கரம் அரை அடிப் பள்ளத்துல நிக்குது. அரை அடிப் பள்ளம்னா நம்ம காட்டுல அது பள்ளமே இல்ல, வரப்பை ஒட்டி எங்க நிறுத்தினாலும் அவ்வளவு இருக்கும். 5 அடிக்கு அரை அடின்னா 10 அடிக்கு 1 அடி. பெட்டியோட முன் முனை 10 அடி உயரத்துக்குப் போகும்போது அது நேரா நிக்காது, 1 அடி ஒரு பக்கமா விலகி நிக்கும். உள்ள ஈரமண்ணு வேற இருக்கு. அந்த இழுப்பு முழுக்க ஜாக்கி அடுக்குலயும் பின் கீல்லயும்தான் விழும். அந்தப் பக்கத்து டயர்ல காத்து குறைச்சலா இருந்தா இன்னும் மோசம். இப்படிப் பத்து நடை அடிச்சா எவ்வளவு ஒசத்தி ஜாக்கியா இருந்தாலும் வளையாம இருக்காது. வளையறது நம்ம கண்ணுக்கு உடனே தெரியாது. ஒரு நூல் அளவு வளைஞ்சாலே உள்ள சீல் ஒரு பக்கமாத் தேயும். ரெண்டு மாசம் கழிச்சு எண்ணெய் கசியும்போது, "போன வருசம்தான் சீல் மாத்தினேன், மட்டச் சீல் போட்டுட்டான்"னு பட்டறைக்காரரைத் திட்டுவோம்.

அடுத்தது பாரம். 100 கன அடியை ஒரு யூனிட்டுன்னு சொல்றோம். காஞ்ச குப்பை ஒரு யூனிட்டும் ஈர வண்டல் ஒரு யூனிட்டும் பெட்டியில ஒரே உயரம்தான் நிக்கும். எடையில பார்த்தா ஈர வண்டல் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 5 டன் வரும், குப்பை அதுல பாதிகூட வராது. நம்ம ஆளுக கண்ணுல அளக்கிறது உயரத்தை மட்டும்தான். "நேத்துக் குப்பைக்குப் பலகை வச்சு அடிச்சயே, இன்னைக்கு ஏன் கம்மியா அடிக்கிறே"ன்னு டிரைவரைக் கேட்பாங்க. ஜேசிபிக்காரர் ஒரு வாளி சேர்த்துப் போட்டா சந்தோசம், லாபம்னு நினைப்பு. அந்த ஒரு வாளியோட லாபம் எத்தனை நடைக்குச் சேர்ந்தா ஒரு ஜாக்கி அடுக்கு வாங்கலாம்னு யாரும் கணக்குப் பார்க்கிறதில்ல.

பாரம் எங்க விழுதுங்கிறதும் முக்கியம். முன்னாடியே கொண்டு போய்க் குமிச்சா ஜாக்கிக்கு ஆரம்பத்துலயே திணறல். பின்னாடி குமிச்சா டிரெய்லர் மூக்கு மேல எழும்பி டிராக்டர் பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும், மேட்டுல ஏறும்போது பிடிமானம் போயிரும். அச்சுக்கு மேல, கொஞ்சம் முன்பக்கமாச் சாஞ்ச மாதிரி பரப்பி அடிக்கிறதுதான் சரி. ஈரமண்ணு அடிக்கிறதுக்கு முன்னாடி பெட்டி அடியில ரெண்டு கூடை காஞ்ச மண்ணையோ வைக்கோலையோ பரப்பிவிட்டா, கொட்டும்போது ஒட்டாம வழுக்கிக்கிட்டுப் போகும். வேலை முடிஞ்சு சாயங்காலம் ஒட்டின மண்ணைச் சுரண்டி விடணும். சுரண்டாம விட்டா மறுநாள் அதுமேலதான் ஒட்டும்.

மண்ணு கொட்டாம ஒட்டிக்கிச்சுன்னா நம்ம ஆளுக செய்யறது என்ன? பெட்டியை உச்சியில வச்சுக்கிட்டே டிராக்டரை முன்ன எடுத்து டக்குன்னு பிரேக் அடிப்பாங்க. ரெண்டு தடவை அப்படிக் குலுக்கினா மண்ணு விழும், வாஸ்தவம்தான். அந்தக் குலுக்கல்ல ரெண்டு மூணு டன் பாரம் மெல்லிசு அடுக்கு மேல ஆடி மோதுது. ஜாக்கி மேல்முனைப் பின்னு முறியறது இதுலதான். பெட்டியைக் கீழ இறக்கி, மம்பட்டி எடுத்து முன்பக்கம் ஒட்டினதைத் தட்டி விட்டுட்டு மறுபடி தூக்கினா பத்து நிமிசம் ஆகும். அந்தப் பத்து நிமிசம் நம்மகிட்ட இல்லாததுதான் பிரச்சினையே. அதுக்கு அப்புறம் வர்றேன்.

லிவர் விசயம் ஒண்ணு. பெட்டி முழுசா எழுந்ததுக்கு அப்புறமும் லிவரைப் பிடிச்சுக்கிட்டே நிக்கறது. டிராக்டர் கிர்ருன்னு கத்தும். அந்தச் சத்தம், எண்ணெய் போக வழியில்லாம வால்வைத் தள்ளிக்கிட்டுத் திரும்பி வர்ற சத்தம். எண்ணெய் சூடாகும், பம்பு தேயும், சீல் கெட்டியாகும். உச்சிக்குப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே லிவரை விட்டுரணும். பாரம் தூக்கலைன்னா உடனே, "வால்வுல பிரஷர் கொஞ்சம் ஏத்தி விடுங்க"ன்னு பட்டறையில கேக்கறது இன்னொரு கெட்ட பழக்கம். அந்த வால்வை அந்த அளவுல வச்சது நம்மளைக் காப்பாத்தத்தான். அதை ஏத்திவிட்டா அதுக்கு அப்புறம் வெடிக்கிறது ஓஸா, சீலா, பம்பான்னுதான் கேள்வி.

இனி தூசி. டிப்பரை மாட்டிக் கழட்டற கப்ளருக்கு ஒரு மூடி வரும். நூறு டிப்பரைப் பாருங்க, பத்துலகூட அந்த மூடி இருக்காது. கழட்டின ஓஸ் மண்ணுல கிடக்கும். மறுநாள் சட்டையில ஒரு துடைப்புத் துடைச்சு மாட்டுவாங்க. ஒட்டின மண்ணு எங்க போகும்? எண்ணெயோட ஜாக்கிக்குள்ள போகும், பெட்டி இறங்கும்போது எண்ணெயோட டிராக்டருக்குள்ள வரும். நிறைய டிராக்டர்ல கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். டிப்பர்ல போன மண்ணு கியர் பெட்டிக்கே வந்துருது. ஒருத்தர் டிப்பரை இன்னொருத்தர் டிராக்டர்ல மாட்டும்போது அவர் எண்ணெயும் நம்ம எண்ணெயும் கலக்குது. அவர் எண்ணெய்ல தண்ணி கலந்து பால் மாதிரி இருந்தா, அந்தச் சீக்கு நம்ம வண்டிக்கும் வரும். இரவல் கொடுக்க வேண்டாம்னு சொல்லலை. ஊர்ல இருந்துக்கிட்டு அப்படிச் சொல்ல முடியாது. கொடுக்கிறதுக்கு முன்னாடி எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்த்துட்டுக் கொடுங்க. மூடி தொலைஞ்சு போனா ஒரு பிளாஸ்டிக் பையைச் சுத்தி ரப்பர் போட்டுக் கட்டினாலும் போதும்.

நிறுத்தி வைக்கிற முறையும் இருக்கு. ஜாக்கி அடுக்கு பளபளன்னு இருக்கிறது குரோம் பூச்சு. அதுல ஒரு புள்ளி துருப் பிடிச்சாலும் அது அரம் மாதிரி. ஏறி இறங்கும்போதெல்லாம் சீலை அறுக்கும். குப்பையும் ரசாயன உரமும் பட்டா துரு சீக்கிரம் பிடிக்கும். குப்பை அடிச்ச நாள் சாயங்காலம் தண்ணி ஊத்திக் கழுவி, பெட்டியைக் கீழ இறக்கி, எல்லா அடுக்கும் உள்ள போன நிலையிலதான் நிறுத்தணும். பெட்டியைத் தூக்கி வச்சு அடியில ஆடு கட்டறதையும், நெழலுக்குக் கட்டிலைப் போட்டுப் படுக்கறதையும் நான் பார்த்திருக்கேன். ஜாக்கிக்கும் கேடு, உசுருக்கும் கேடு.

இதெல்லாம் பார்த்தும் பழுது வரத்தான் செய்யும். இரும்புதானே. பழுது வந்தா உடனே ஜாக்கியைக் கழட்டச் சொல்லாதீங்க. இந்த ஒரு விசயம் தெரிஞ்சாலே நிறையக் காசு மிஞ்சும். நம்ம டிப்பர் ஜாக்கியில எண்ணெய் ஒரு வழியாத்தான் போகுது, அதே வழியாத்தான் திரும்புது. தூக்க மட்டும்தான் எண்ணெய், இறங்கறது பெட்டியோட எடையில. லிவரை விட்ட பிறகும் பெட்டி தானா மெல்ல மெல்ல இறங்குதுன்னா எண்ணெய் எங்கயோ போகணும். ரெண்டே வழிதான். ஒண்ணு, ஜாக்கி சீல் வழியாவோ ஓஸ் வழியாவோ வெளிய சொட்டணும். இல்லைன்னா வால்வு வழியா டிராக்டருக்கே திரும்பணும். ஜாக்கி சுத்தமா, துளி கசிவு இல்லாம இருக்கு, ஆனாலும் பெட்டி இறங்குதுன்னா கோளாறு வால்வுல. ஜாக்கியைப் பிரிச்சு சீல் மாத்தறது தெண்டச் செலவு. "ஜாக்கி இறங்குது, சீல் போட்டுரலாம்"னு சொல்ற பட்டறைக்காரர்கிட்ட, "கசிவு எங்கேன்னு காட்டுங்க"ன்னு கேளுங்க. கேக்கறதுல தப்பில்ல.

பெட்டி முழுசா எழலைன்னா முதல்ல டிராக்டர் எண்ணெய் அளவைப் பாருங்க. அடுக்கு எல்லாம் நீளும்போது லிட்டர் கணக்கா எண்ணெய் ஜாக்கிக்குள்ள போயிருது. எண்ணெய் குறைச்சலா இருந்தா பம்பு காத்தை இழுக்கும். பெட்டி வெட்டி வெட்டி எழுந்தா உள்ள காத்து இருக்கணும், இல்ல அடுக்கு வளைஞ்சு உரசணும். ஒரு அடுக்கு வராம அடுத்தது முந்திக்கிட்டு வந்தாலும் உரசல்னு சந்தேகப்படணும்.

கசிவைக் கையை வச்சுத் தடவிப் பார்க்கக் கூடாது. இது பலபேருக்குத் தெரியறதில்ல. ஊசி முனை ஓட்டையில அந்த அழுத்தத்துல வர்ற எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ள போயிரும். வெளிய சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதல்ல பெருசா இருக்காது. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா விரலை எடுக்கிற நிலைமைகூட வரும். ஒரு அட்டையைப் பிடிச்சுப் பாருங்க, எண்ணெய் பட்டா அட்டையில தெரியும்.

ரிப்பேர் செய்யும்போது ரெண்டு விசயத்துக்கு ஒத்துக்காதீங்க. ஒண்ணு, வளைஞ்ச அடுக்கைச் சூடு காட்டி நிமிர்த்தறது. கண்ணுக்கு நேராத் தெரியும். ஆனா குரோம் உரிஞ்சிரும், இரும்போட பலமும் போயிரும். அந்த அடுக்கை மட்டும் புதுசா மாத்தறதுதான் சரி. ரெண்டு, ஜாக்கி உடம்புல நேரா வெல்டிங் வைக்கிறது. உள்ள எண்ணெய் இருக்கும்போது சூடு பட்டா சீல் எரியும். அடைச்ச குழாய்க்குள்ள எண்ணெய் ஆவியாகி வெடிக்கவும் வாய்ப்பிருக்கு. வெல்டிங் வச்சே ஆகணும்னா முழுசாப் பிரிச்சு, எண்ணெய் போகக் கழுவி, அது தெரிஞ்ச ஆள்கிட்டத்தான் கொடுக்கணும். சீல் மாத்தினா கசியற ஒண்ணை மட்டும் மாத்தாம எல்லாத்தையும் சேர்த்து மாத்திருங்க. பிரிக்கிற கூலி ஒண்ணுதான்.

முன் ஸ்டாண்டையும் டயர் மாத்தற சின்ன ஜாக்கியையும் விட்டுரக் கூடாது. பாரத்தோட டிரெய்லரைக் கழட்டி ஸ்டாண்டு மேல நிறுத்தினா அந்தச் சின்னத் தகடு ஈரத்தரையில புதையும், டிரெய்லர் ஒரு பக்கம் சாயும், ஸ்டாண்டு வளையும். ஒரு அடிக்கு ஒரு அடி கெட்டிப் பலகை ரெண்டு வண்டியிலேயே போட்டு வச்சிருந்தா போதும். ஹாலோ பிளாக் கல்லு வைக்காதீங்க. பார்க்கக் கெட்டியா இருக்கும், உடைஞ்சா சொல்லாம கொள்ளாம ஒரே நொடியில உடையும். செங்கல்லும் அப்படித்தான். மரம் உடையறதுக்கு முன்னாடி சத்தம் கொடுக்கும். சின்ன ஜாக்கியில எண்ணெய் குறைஞ்சா கையில இருக்கிற பிரேக் ஆயிலை ஊத்தறாங்க. அது சீலை ஊத வச்சுக் கெடுத்துரும். ஹைட்ராலிக் ஆயில்தான் ஊத்தணும்.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. தலைப்புல சொன்னதும் அதுதான். ஜாக்கிங்கிறது தூக்கத்தான், தாங்கறதுக்கு இல்ல. தூக்கின பெட்டியைத் தாங்கிக்கிட்டு இருக்கிறது ஒரு ரப்பர் ஓஸும் ஒரு ரப்பர் சீலும். கிரீஸ் அடிக்கவோ, பின் போடவோ, ஓஸ் மாட்டவோ பெட்டிக்கு அடியில தலையை விடறதுக்கு முன்னாடி இரும்பு முட்டுக் கொடுத்தே ஆகணும். வரும்போதே முட்டுக்கம்பி இல்லாத டிப்பர் நிறைய ஓடுது. ஒரு கனமான கோண இரும்பு வாங்கிப் பட்டறையில சொன்னா அரை நாள்ல சேஸிலேயே கீல் வச்சுச் செஞ்சு கொடுப்பாங்க. ஒரு சீல் மாத்தற செலவுகூட ஆகாது. ஓஸ் வெடிச்சா பெட்டி இறங்கறதுக்கு ரெண்டு மூணு நொடி. அந்த நேரத்துல வெளிய வர எந்த மனுசனாலயும் முடியாது. அதே மாதிரி, தூக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை மேல நிமிர்ந்து கரண்டுக் கம்பி இருக்கான்னு பார்க்கணும். காட்டுல கம்பி தொய்ஞ்சுதான் கிடக்கு. கம்பி பட்டுருச்சுன்னா வண்டியைத் தொட்டுக்கிட்டு இறங்கக் கூடாது. கரண்டை நிறுத்தற வரைக்கும் சீட்டுலயே உக்காந்திருக்கணும், மத்தவங்களும் கிட்ட வரக் கூடாது.

இப்ப காசு விசயத்துக்கு வர்றேன். போன கோடையில எங்க ஊர்ல ஒரு டிப்பர் மண்ணு கொட்டும்போது பக்கத்துல சாஞ்சுருச்சு. நல்லவேளை யாருக்கும் அடியில்ல. ஜாக்கியோட ரெண்டு அடுக்கு வளைஞ்சு போச்சு. ஓட்டினது இருபத்தி மூணு வயசுப் பையன். நானும் அங்கதான் இருந்தேன். கொட்டறதுக்கு முன்னாடியே அவன் காட்டுக்காரர்கிட்டக் கேட்டான்: "ஏனுங்ணா, இந்தப் பக்கம் பள்ளமா இருக்குதுங்க, மேட்டுலயே கொட்டிரட்டுங்களா?" அவர், "அங்க கொட்டினா மறுபடி ஆள் வச்சு அள்ளணுமப்பா, தென்னைக்குப் பக்கத்துலயே கொட்டு"ன்னார். கொட்டினான், சாஞ்சுது. அப்புறம் நாலு பெரியவங்க உக்காந்து பேசினாங்க. கடைசியில வண்டிக்காரர் பாதி, டிரைவர் பாதின்னு முடிவாச்சு. இடத்தைக் காட்டின காட்டுக்காரர் பங்கு ஒண்ணுமில்ல. அந்தப் பையன் ரெண்டு மாசச் சம்பளத்துல கழிச்சுத்தான் வீட்டுக்குக் கொடுத்தான். "மாமா, இது எப்படிங்க நியாயம்?"னு நான் கேட்டதுக்கு, "வண்டி அவன் கையிலதானப்பா இருந்துது"ன்னு சொல்லிட்டார் பெரியவர்.

வண்டி அவன் கையிலதான் இருந்துச்சு. ஆனா இடம் காட்டுக்காரர் கையில இருந்துச்சு. பாரம் ஜேசிபிக்காரர் கையில இருந்துச்சு. நேரம் முதலாளி கையில இருந்துச்சு. நடைக்கு இவ்வளவுன்னு கூலி பேசிட்டு, ஒரு நாளைக்குப் பதினஞ்சு நடை அடிச்சாத்தான் கட்டுப்படியாகும்னு சொல்லிட்டு, ஒட்டின மண்ணை இறக்கித் தட்டிட்டு நிதானமாக் கொட்டுன்னா அவன் எங்கிருந்து நேரம் எடுப்பான்? பத்து நிமிசம் இல்லைன்னு மேல சொன்னேனே, அது இதுதான். கூலி பேசற முறையிலேயே ஜாக்கி வளையற வேலை ஆரம்பிச்சிருது.

"அப்ப டிரைவருக்குப் பொறுப்பே வேண்டாமா, நாளைக்கு வேணும்னே உடைச்சுட்டு நிப்பான்"னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். குடிச்சுட்டு ஓட்டினா, பெட்டியைத் தூக்கி வச்சுக்கிட்டே ரோட்டுல போனா, அது அவன் பொறுப்பு. அதுக்குக் கேளுங்க. ஆனா "இங்க கொட்ட மாட்டேன்"னு சொல்ற உரிமையை முதல்ல அவனுக்குக் கொடுக்கணும். வேண்டாம்னு சொல்ல உரிமையில்லாதவன்கிட்ட நஷ்டம் கேக்கறது நம்ம ஊர் நியாயத்துக்கே ஒத்துவராது.

எங்க வண்டிக்கு நாலு வருசமா ஒரு முறை வச்சிருக்கோம். கூலி நாள் கணக்கு, நடைக் கணக்கு இல்ல. கொட்டற இடம் மட்டமா இருக்கணும், மட்டம் பண்ணிக் கொடுக்கிறது மண்ணு வாங்கறவங்க வேலை. இதை வாடகை பேசும்போதே சொல்லிருவோம். ஈரமண்ணுன்னா பலகை மட்டத்துக்குக் கீழதான் பாரம். இடம் சரியில்லைன்னு டிரைவர் தம்பி சொன்னா அதுதான் முடிவு, நான் போன் பண்ணி மறுத்துச் சொல்ல மாட்டேன். இதனால சில வாடகை போகத்தான் செஞ்சுது. "அவங்க வண்டி ரொம்ப ரூல்ஸ் பேசும்"னு பேரும் ஆச்சு. ஆனா இந்த நாலு வருசத்துல ஜாக்கியை ஒரே ஒரு தடவைதான் கழட்டியிருக்கோம், அதுவும் சீல் பழசானதுக்கு. போன வாடகையையும் மிஞ்சின ரிப்பேரையும் எழுதிக் கூட்டிப் பார்த்தேன், நஷ்டம்னு சொல்ல முடியலை.

ஜாக்கி போனா வாங்கிக்கலாம். அதுக்கு அடியில போற பையன் நம்ம ஊர்ப் பையன். இந்தக் கோடையில வண்டல் அடிக்கக் கிளம்பறதுக்கு முன்னாடி வண்டிக்கு ரெண்டு பலகையும், ஒரு முட்டுக்கம்பியும், கப்ளருக்கு ஒரு மூடியும் வாங்கிப் போடுங்க. மண்ணு வாங்கறவங்க, வண்டி வர்றதுக்கு முன்னாடி கொட்டற இடத்தை மம்பட்டியில நாலு இழுப்பு இழுத்து மட்டமாக்கி வைங்க.